பதினேழு கிராம்

முட்டை. டாக்டர் அப்படித்தான் சொன்னார். கட்டி என்பார், ஈரல் வீக்கம் என்பார், வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்பார் என்று மூன்று நாளாக ஒவ்வொரு சொல்லாக மனசுக்குள் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற முகத்தையும் தயார் செய்துகொண்டு வந்திருந்த நாச்சிமுத்துவுக்கு இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கைவசம் முகம் இல்லை. வெளிச்சப் பெட்டியில் மாட்டியிருந்த எக்ஸ்ரேயில், பென்சிலால் இழுத்த கோடு மாதிரி மெல்லிசான எலும்புகளுக்குக் கீழே, அடிவயிற்றில், வெள்ளை வெளேரென்று ஒரு நீள்வட்டம். அத்தனை சுத்தமான ஓரம் அதற்கு. "முட்டைங்க சார்" என்றார் டாக்டர் நூருன்னிஸா. "யாரோடதுங்க?" என்று கேட்டுவிட்டார் நாச்சிமுத்து. கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "இதோடதுதான். உங்க மாப்பிள்ளை பொண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் எழுதுகிற அட்டையை எடுத்து, பெயர் மாப்பிள்ளை, இனம் ஆப்பிரிக்க சாம்பல் கிளி, பால் ஆண் என்று இருந்ததில் ஆண் என்பதை ஒரே கோட்டில் அடித்துப் பக்கத்தில் பெண் என்று எழுதினார். எழுத ஒரு நொடி கூட ஆகவில்லை. அப்புறம் வேகவேகமாக வேலை நடந்தது. நெஞ்சுச் சதையில் சுண்ணாம்புச் சத்து ஊசி, தோலுக்கடியில் கொஞ்சம் நீர், கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குச் சூடு, ஓரத்தில் ஈரத்துண்டு. "முட்டை கீழ எறங்காம மாட்டியிருக்கு. பன்னெண்டரை வரைக்கும் பாக்கலாங்க சார். தானா போட்டுட்டா நல்லது. இல்லைன்னா மயக்கம் குடுத்து, ஊசியால உறிஞ்சி, ஓட்டை உள்ளயே நொறுக்கித்தான் எடுக்கணும். இந்த உடம்பு மயக்கத்தைத் தாங்குமான்னா, நான் பொய் சொல்ல மாட்டேன், பாதிக்குப் பாதி." ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டார். இப்போது வெளி அறை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மணி பத்து ஐம்பது.

பாதிக்குப் பாதி. முப்பத்தைந்து வருஷம் முத்திரை ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்தி, குறைந்தால் வழக்குப் போட்ட மனிதருக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. தராசில் இரண்டு தட்டும் சமமாக நின்றால் அது சரியான தராசு என்றுதான் இத்தனை நாள் அவருக்கு அர்த்தம். முள் நடுவில் நின்றால் நிம்மதி. இங்கே முள் நடுவில் நிற்பதுதான் பயம். எதிர்ச் சுவரில் நாய்க்குட்டிகளுக்கு எந்த மாதம் எந்தத் தடுப்பூசி என்று ஒரு பட்டியல். அதை மூன்று தரம் படித்துவிட்டார். உள் அறைக் கதவுக்கு ஒரு சிறு கண்ணாடி உண்டு, அதன்மேல் துண்டைப் போட்டு மூடியிருக்கிறார்கள், மனுச முகம் தெரிந்தால் அது முக்காது என்று. அது. இத்தனை வருஷமும் அவன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவனுக்குத் தண்ணி வெச்சியா, அவன் தூங்கிட்டானா. கீழ்வீட்டில் குடியிருந்த பேங்க் அதிகாரி வடக்கே மாற்றலாகிப் போகும்போது கூண்டோடு கொண்டுவந்து கொடுத்து, "ஆம்பளைக் கிளிங்க, நல்லாப் பேசும்" என்று சொன்னது ஏழு வருஷத்துக்கு முன்னால். அடியில் உருக்கி ஊற்றிய ஈயத்தில் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்காமல் ஒரு எடைக்கல்லையும் கையில் வாங்கியறியாதவர், அந்த ஒரு வார்த்தையை மட்டும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார். ஓய்வு பெற்றபின் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒரு ஆம்பளை. மாப்ளே என்று கூப்பிட்டார். அதுவும் இரண்டே வாரத்தில் "என்ன மாப்ளே" என்று அவர் குரலிலேயே திருப்பிக் கேட்டது. அதன் முன்னால் சவரம் செய்திருக்கிறார், வேட்டி மாற்றியிருக்கிறார், மனைவி வைத்த ரசத்தைப் பற்றிக் குறை சொல்லியிருக்கிறார், மகள் கல்யாணத்தில் சம்பந்தி பேசிய பேச்சை அதனிடம் மட்டும் சொல்லிக் கண் கலங்கியிருக்கிறார். ஆம்பளைக்கு ஆம்பளை என்று. அத்தனையையும் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வேறு யாரோ உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். காது மடல் சூடாவதை உணர்ந்து நாச்சிமுத்து சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

மடியில் நோட்டு இருந்தது. நாற்பது பக்க நோட்டு, இது நாலாவது. முதல் தடவை பரிசோதனைக்குக் கொண்டுவந்தபோது டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையில் தொடங்கியது அது. பறவை தன் நோவை வெளியே காட்டாது, காட்டினால் பருந்து பார்த்துவிடும், கூட்டம் ஒதுக்கிவிடும், அதனால் நன்றாக இருக்கிற மாதிரியே கடைசி வரைக்கும் நடிக்கும், முடியாமல் போகிற அன்றுதான் விழும், எடை ஒன்றுதான் அதன் கையை மீறி உண்மையைச் சொல்லும் என்றார். எடை என்ற சொல் காதில் விழுந்ததும் நாச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். உத்தியோகம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. சமையல் தராசு ஒன்று வாங்கி, அதன்மேல் ஒரு மரக்குச்சியைப் பொருத்தி, காலையில் தீனி வைப்பதற்கு முன்னால் அதில் ஏற்றினார். தராசு பீப் என்று சத்தம் கொடுக்கும். நாலாம் நாள் அவர் தராசை அலமாரியிலிருந்து எடுக்கும்போதே கூண்டுக்குள்ளிருந்து பீப் என்று வந்தது. நானூற்று இருபத்தொன்று. நானூற்று இருபது. நானூற்று இருபத்திரண்டு. வருஷக்கணக்கில் அந்த மூன்று எண்ணுக்குள்ளேயே நின்ற எடை. எச்சத்தின் நிறம், எத்தனை முறை, மூக்குத் துளை சுத்தமா, வால் ஆடுகிறதா, எல்லாம் எழுதினார். போன திங்கள் நானூற்று இருபத்தேழு. புதன் நானூற்று முப்பத்து நாலு. இன்று காலை, கூண்டின் தரையில் இறக்கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்ததைக் கையில் அள்ளித் தராசில் வைத்தால் நானூற்று முப்பத்தெட்டு. பதினேழு கிராம். எடை குறைவதுதான் ஆபத்து என்று கேட்டிருந்தவருக்கு எடை ஏறுவது என்ன வகை ஆபத்து என்று தெரியவில்லை. பரிசோதனைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனாலும் கூண்டின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். டாக்டர் இந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஒரு தினுசான மரியாதை வந்தது. "பேப்பர் கிழித்தது, சேட்டை, அப்படின்னு எழுதியிருக்கீங்க. கூடு கட்டியிருக்குங்க சார். கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுகிச்சுன்னு இருக்கு, எடம் பாத்திருக்கு. கடல் நுரை தீர்ந்ததுன்னு ஒரு வரி. கூண்டுல கட்டி வெச்சு ரெண்டு வருசமா தொடாத அந்தக் கணவாய் ஓட்டை ஒரே மாசத்துல தின்னுருக்கு, ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேணுமில்ல?" அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "உள்ளங்கையில் வாந்தி. மறுபடி உள்ளங்கையில் வாந்தி." அங்கே கொஞ்சம் தயங்கினார். "இது வாந்தி இல்லீங்க சார். ஊட்டி விட்டிருக்கு." "யாருக்குங்க?" "உங்களுக்குத்தான். ஜோடிக்கு ஊட்டற மாதிரி. நீங்க முதுகைத் தடவிக் குடுப்பீங்களா?" சாயங்காலச் செய்தி பார்க்கும்போது கழுத்திலிருந்து வால் வரைக்கும் தடவிக்கொண்டே இருப்பார். ஆமாம் என்று தலையை ஆட்டினார். "தலையோட நிறுத்திக்கணுங்க சார். முதுகைத் தடவினா அது வேற மாதிரி எடுத்துக்கும்" என்றார் டாக்டர், எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே.

ஒன்றுகூட விடாமல் எழுதியிருக்கிறார். ஒன்றுகூடத் தெரியாமல் எழுதியிருக்கிறார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ரேகைகள், முத்திரைச் சுத்தியல் பிடித்த காய்ப்பு. பாதி அரைத்த விதை, வெதுவெதுப்பாக, இந்தக் கையில்தான். ஒவ்வொரு தடவையும் பதறி எழுந்து போய் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிவிட்டு வந்து நேரத்தையும் குறித்தார். அது கழுத்தை நீட்டி, கண்மணி சிறுத்துப் பெருக்க, தன் இரைப்பையிலிருந்து எடுத்துத் தர, இவர் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். எத்தனை நாள் தந்தது. நோட்டில் இருக்கும், பார்த்தால் தெரியும். பார்க்க வேண்டாம் என்று மூடி வைத்தார்.

போன் அடித்தது. வடவள்ளி வீட்டிலிருந்து அவர் மனைவி கருணாம்பிகை.

"ஏனுங்க, என்ன சொன்னாங்க?"

"முட்டையாம்."

"என்னது?"

"வயித்துல முட்டை இருக்குது. வெளிய வரமாட்டீங்குது. அது பொட்டையாம் கருணா."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. "அது பொட்டைன்னுதான் எனக்குத் தெரியுமே" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"ஏழு வருசமா அது உங்களைப் பாக்கற பார்வை தெரியாதாக்கும். நான் பக்கத்துல வந்து உக்காந்தா என்னைக் கொத்த வருதே, அது எதுக்குன்னு நெனச்சீங்க?"

"ஏன் சொல்லல?"

"நீங்க எழுதற நோட்டுல அதுக்கு ஒரு கட்டம் இல்லையே" என்றாள் கருணாம்பிகை. கோபமில்லாமல்தான் சொன்னாள். அப்புறம், "பொழைச்சுக்குமா?" என்று கேட்டாள். பன்னிரண்டரை வரை பார்க்கலாம் என்றிருக்கிறார்கள் என்று சொன்னார். பாதிக்குப் பாதி என்பதைச் சொல்லவில்லை. "நான் கெளம்பி வர்றேன்" என்று வைத்துவிட்டாள். மணி பதினொன்று இருபது.

எலும்பை நினைத்துக்கொண்டார். எக்ஸ்ரேயை விரலால் தொட்டுக் காட்டி டாக்டர் சொன்னதில் பாதி அப்போது மண்டைக்குள் ஏறவில்லை. இப்போது ஒவ்வொன்றாக வந்து நிற்கிறது. இறக்கை எலும்பைப் பாருங்க, வழக்கமா உள்ளே வெற்றாக, குழாயாக இருக்கும், மூச்சு அந்தக் குழாய்க்குள்ளும் போய்வரும் என்றார். எலும்புக்குள் மூச்சு. நுரையீரலுக்கு அப்பால் உடம்பெங்கும் காற்றுப் பைகள், அதனால் உள்ளே இழுக்கும்போதும் புதுக்காற்று, வெளியே விடும்போதும் புதுக்காற்று. நாச்சிமுத்து தன் மூச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நெஞ்சோடு நின்றுபோயிற்று. அறுபத்தாறு வருஷமாக இவ்வளவுதான் இழுத்துக்கொண்டிருக்கிறார். அதுவோ தலையணைப் பக்கத்தில் உட்கார்ந்து இறக்கையின் நுனிவரைக்கும் மூச்சு விட்டுக்கொண்டு, இவர் சொல்லும் ரசக் குறையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் இந்தப் படத்தில் கால் எலும்பு வெற்றாக இல்லை, நிறைந்து வெளுத்திருந்தது. அதுதான் இன்னும் பெரிய விஷயம். முட்டை போடப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்த நாளிலிருந்து தின்கிற சுண்ணாம்பையெல்லாம் எலும்புக்குள் சேர்த்து வைக்கும், ஓடு கட்டுகிற நாள் வரும்போது தன் எலும்பைக் கரைத்து அதைக் கட்டும், தீனியில் போதாவிட்டால் கரைத்துக்கொண்டே போகும், நிறுத்தத் தெரியாது என்றார் டாக்டர். அந்த வெள்ளை நீள்வட்டம் அதன் காலும் இறக்கையும்தான். பதினேழு கிராம் எங்கிருந்தோ வந்து ஏறவில்லை. அது தன்னையே எடுத்துத் தட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருக்கிறது. போடுகிறவள் அவளே, வாங்குகிறவள் அவளே, பார்த்து முத்திரை குத்த ஆளில்லை. இவர் சூரியகாந்தி விதையாகப் போட்டார். வேண்டாம் சார், கீரை கொடுங்க, முருங்கை கொடுங்க என்று ஒவ்வொரு பரிசோதனையிலும் சொன்னார்கள். அதுக்கு அதுதான் பிடிக்குது என்று இவர் போட்டார். எலும்பு வலித்திருக்குமோ. ஒன்றும் சொல்லவில்லையே. காலையில் தராசை எடுத்தால் பீப் என்றது, ஏறி நின்றது, பேசாமல் நிறுக்கக் கொடுத்தது. போன மாதம் முழுக்க, உள்ளே இவ்வளவு வேலை நடந்துகொண்டிருக்கும்போது, என்ன மாப்ளே என்று கேட்டது. காட்டிக்கொள்ளாதாம். நன்றாக இருக்கிற மாதிரியே நடிக்குமாம். உள் அறையில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம். எழுந்து நின்றுவிட்டார். உதவியாளர் பெண் வெளியே வந்து, "ஒண்ணுமில்லீங்கய்யா, டிரே விழுந்திருச்சு" என்றாள். உட்கார்ந்தார். யார் வலியைத்தான் யார் கேட்டார்கள்.

அந்த எண்ணம் எங்கே இழுத்துக்கொண்டு போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. நாய்க்குட்டிப் பட்டியலை நாலாம் தரம் படிக்கப் பார்த்தார். இரண்டாம் வரியிலேயே எழுத்துக்கள் நழுவிவிட்டன. பொள்ளாச்சிச் சந்தை. வியாழக்கிழமை. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு வியாழன். பதினோரு கடையில் குறைகல் பிடித்த நாள். கல்லுக்கு அடியில் துளை போட்டு ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள், கையில் எடுத்ததுமே சொல்லிவிட்டார், எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். கருணாவை வலியெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று காலையிலேயே ஆள் வந்து சொல்லியாயிற்று. மச்சினனும் மாமியாரும் கூட இருக்கிறார்கள், நான் போய் என்ன செய்யப்போகிறேன் என்று சந்தையை முடித்து, கற்களைப் பறிமுதல் செய்து, அலுவலகத்தில் ஒப்படைத்து, மறுநாள் சாயங்காலம் போனார். சின்னத் தனியார் ஆஸ்பத்திரி, நாலே கட்டில். மாமியார் துணியில் சுற்றிய குழந்தையைத் தூக்கிக் காட்ட வந்தார். அதற்குள் நர்சம்மா எடை பார்க்க வேண்டும் என்று வாங்கித் தராசில் போட்டாள். ரெண்டே முக்கால் கிலோ என்றாள். நாச்சிமுத்துவின் கண் முள்ளுக்குப் போனது, அங்கிருந்து பக்கவாட்டில் முத்திரைக்குப் போனது. முத்திரை காலாவதியாகி ரெண்டு வருஷம். "இந்தத் தராசு செல்லாது" என்றார். மகளைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஆஸ்பத்திரிக்காரரைக் கூப்பிட்டு, சட்டம் சொல்லி, அரை மணி நேரம் வாசலில் நின்று பேசினார். திரும்பி வந்தபோது குழந்தை தூங்கியிருந்தது. கருணா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தார். அப்படியா நினைத்தார்? முதுகைப் பார்த்தால் தூங்குகிற முதுகு எது, விழித்திருக்கிற முதுகு எது என்று தெரியாதா ஒரு மனிதனுக்கு. தெரிந்தது. தெரிந்துதான் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்து வந்தார். பத்தொன்பது மணி நேரம் வலியில் கிடந்தாள் என்று மாமியார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது வராந்தாவில் காதில் விழுந்தது. பத்தொன்பது என்ற எண் மட்டும் ஞாபகத்தில் தங்கியது. அதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சுகந்தி வளர்ந்து, படித்து, ஓசூருக்குக் கல்யாணமாகிப் போய்விட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த அந்த முதுகு மட்டும் இன்னும் திரும்பவில்லை என்று, நாய்களும் பூனைகளும் வந்துபோகிற இந்த அறையில், டெட்டால் வாடையில், அவருக்குத் தோன்றியது. 

கருணாம்பிகை வந்தபோது மணி பதினொன்று ஐம்பத்தைந்து. வாழைக்காய் நறுக்கிய கறை விரலில் அப்படியே இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியவள், எல்லாரும் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து மறுபடி மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் வரலீங்களா?"

"இல்ல."

அவள் துண்டு மூடிய கண்ணாடியைப் பார்த்தாள். இவர் அவளைப் பார்த்தார். காதோரம் நரைத்த முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. இருபது நிமிஷம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருப்பாள். ஏழு வருஷமாகத் தன்னைக் கொத்த வந்த ஒன்றுக்காக.

"கருணா."

"ம்."

"அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா?"

"என்னைக்கு?"

"சுகந்தி பொறந்தன்னைக்கு."

அவள் உடனே திரும்பவில்லை. கையிலிருந்த வாழைக்காய்க் கறையை நகத்தால் சுரண்டினாள். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்" என்றாள். சிரித்தாளா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அப்புறம், அவரிடம் என்றில்லாமல், எதிர்ச் சுவரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஜன்னலுக்கு வெளிய ஒரு சைக்கிள் கடைங்க. ஒருத்தன் பஞ்சர் ஒட்டிக்கிட்டிருந்தான். டியூப்பைத் தண்ணியில அமுக்கறான், எங்க காத்து முட்டை வருதுன்னு பாக்கறான். கிடைக்கவே மாட்டீங்குது. திருப்பித் திருப்பி அமுக்கறான். எனக்கு வலி வர்றப்ப எல்லாம் அவனையே பாத்துக்கிட்டிருந்தேன். இவன் கண்டுபிடிச்சாத்தான் எனக்கும் ஆகும்னு தோணிப்போச்சு, எதுக்கோ. வாயைத் தொறந்து கத்தக்கூட இல்லீங்க. கத்துனா அவன் நிமிந்து பாத்துருவானேன்னு. அப்பறம் ஒரு எடத்துல விரலை வெச்சான். வெச்சு அழுத்திப் புடிச்சான். இவ பொறந்தா."

"அவனைப் பாத்தியா அப்பறம்?"

"எங்க? அவன் ஒட்டிட்டு ஓட்டிட்டுப் போயிருப்பான்."

நாச்சிமுத்துவுக்கு வந்ததை வருத்தம் என்று சொல்ல முடியாது. ஒரே வீட்டில், ஒரே பாயில், முப்பத்து மூன்று வருஷம் அவர் பக்கத்திலேயே ஒரு சைக்கிள் கடை இருந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டி இருந்திருக்கிறது, அதில் டியூப்பை அமுக்கிக்கொண்டு, தான் யாருக்கு என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்திருக்கிறான். அவள் அதை வைத்துக்கொண்டே இட்லி அவித்திருக்கிறாள், பால்காரனிடம் சண்டை போட்டிருக்கிறாள், இவர் பீப் பீப் என்று கிளியை நிறுத்துக்கொண்டிருந்ததை வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறாள். இன்னும் என்னவெல்லாம் இருக்கும் உள்ளே. எத்தனை பேர், எத்தனை ஜன்னல். காற்றுப் பை காற்றுப் பையாக, எலும்புக்குள்ளும் போய்வருகிற மூச்சாக. அவளை ஏறிட்டுப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது, முதல் முதலாகப் பெண் பார்க்கப் போன வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி. கதவு ஒன்று திறந்தால் கோயிலுக்குள்ளிருந்து வௌவால் நாற்றத்தோடு குளிர்ந்த காற்று வந்து முகத்தில் மோதுமே, அப்படி ஏதோ ஒன்று நெஞ்சில் வந்து மோதிற்று. நான் வாசல்ல நின்னு தராசைப் பத்திப் பேசிட்டு இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். அவளுக்குத் தெரியாத விஷயமா அது. "தப்பு பண்ணிட்டேன் கருணா" என்று மட்டும் சொன்னார். அவள் "சரி விடுங்க" என்றாள். வியர்வையை முந்தானையால் ஒற்றிவிட்டு, "ஆனா கேட்டீங்க" என்றாள். 

பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு பதினைந்து. ஒரு முயலை எடுத்துக்கொண்டு யாரோ உள்ளே போய்த் திரும்பினார்கள். பன்னிரண்டு இருபதுக்கு டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு உள் அறைக்குள் போவதைப் பார்த்ததும் கருணாம்பிகை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். மயக்க மருந்துதான். தயார் செய்கிறார்கள். நாச்சிமுத்து தரையின் சதுரக் கற்களை எண்ணத் தொடங்கி, ஏழாவதில் நிறுத்திவிட்டார். இனி எதையும் எண்ண வேண்டாம் என்று இருந்தது. கண்ணை மூடினார். உள்ளே அந்தச் சிறிய உடம்பு, இருட்டில், யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றைச் செய்ய முக்கிக்கொண்டிருக்கிறது. குஞ்சாக இருக்கும்போதே யாரோ பிரித்தெடுத்துக் கரண்டியில் ஊட்டி வளர்த்த கிளி. தாயைப் பார்த்ததில்லை. இன்னொரு கிளியைக் கண்ணால் பார்த்ததில்லை. முட்டை என்று ஒன்று உலகத்தில் உண்டென்று அதற்கு யார் சொல்லியிருப்பார்கள்?

கதவு திறந்தது. டாக்டர் நின்றார். கையுறை ஒன்றைக் கழற்றிவிட்டிருந்தார். "மெதுவா வாங்க" என்றார். "சத்தம் போடாம."

கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில், மடித்துப்போட்ட துண்டின் மேல், அது நின்றுகொண்டிருந்தது. வால் சிறகுகள் ஈரத்தில் ஒட்டியிருந்தன, இறக்கை இரண்டும் தளர்ந்து தொங்கின, வாய் திறந்து மூச்சு வாங்கிற்று. காலடியில் முட்டை. வெள்ளை என்று சொல்வதற்கில்லை, உள்ளிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு வெளுப்பு. ஒரு இடத்தில் மெல்லிய ரத்தக் கோடு. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அது முட்டையைப் பார்த்தது. அப்புறம் மறு பக்கமாகச் சாய்த்து மற்றக் கண்ணால் பார்த்தது. கருணாம்பிகை மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள். நாச்சிமுத்துவும் குனிந்தார். இரண்டு பேர் தலையும் லேசாக முட்டிக்கொண்டன, யாரும் நகரவில்லை. அது வாதுமைக் கொட்டையை ஒரே கடியில் பிளக்கிற அலகை முட்டையின் மேல் வைத்தது. நாச்சிமுத்துவுக்கு உயிர் போய் வந்தது. அலகின் வளைவால் முட்டையை ஒரு துளி உருட்டி, நெஞ்சுக்கடியில் தள்ளி, கீழ்ச்சிறகைப் பிரித்து அதன்மேல் இறங்கி, இப்படியும் அப்படியும் அசைந்து பொருந்திக்கொண்டது. ஆயிரம் தடவை செய்து பழகியவள் மாதிரி.

"இன்னும் ஒண்ணு ரெண்டு வரலாங்க" என்றார் டாக்டர் மிகத் தாழ்ந்த குரலில். "இன்னைக்கு இங்க இருக்கட்டும். ஊசி இன்னொண்ணு போடணும். வீட்டுக்குப் போனா முட்டையை எடுத்துடாதீங்க. எடுத்தா ஈடுகட்டறதுக்கு மறுபடி போடும், எலும்பு தாங்காது. நாலு வாரம் போல உக்காந்திருக்கும், அதுவா சலிச்சு எழுந்திரிக்கும்."

"பொரிக்குமுங்களா?" என்று கேட்டாள் கருணாம்பிகை.

"பொரிக்காதுங்கம்மா. ஜோடி இல்லாத முட்டை."

"அது அதுக்குத் தெரியுமுங்களா?"

டாக்டர் பெட்டிக்குள் பார்த்தார். "அது எனக்குத் தெரியலீங்க" என்றார்.

பெட்டியின் மூடியை உதவியாளர் பெண் ஒரு சாண் திறந்தாள், தண்ணீர்க் கிண்ணம் வைக்க. "கையை விடலாமா?" என்று நாச்சிமுத்து கேட்டார். டாக்டர் தலையசைத்தார். எப்போதும் நீட்டுகிற மாதிரி ஆள்காட்டி விரலை நீட்டினார். ஏழு வருஷமாக நீட்டியவுடன் ஏறிக்கொள்கிற கால்கள். மாப்ளே என்று கூப்பிட வந்தது. சொல் உதட்டுக்கு வந்து, அங்கே இடமில்லாமல் நின்றது. கழுத்துச் சிறகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கண்மணி சிறுத்தது. அலகைத் திறந்து, அவர் அதனிடம் ஒருநாளும் கேட்டிராத ஒரு ஓசையை, அவருடையதும் கருணாவுடையதும் தராசுடையதும் அல்லாத, அதனுடையதேயான ஓசையைத் தொண்டைக்குள்ளிருந்து எழுப்பிற்று. கடித்திருந்தால்கூட அவர் அவ்வளவு திகைத்திருக்க மாட்டார். விரலை இழுத்துக்கொண்டார். கை தானாகப் பின்னால் போய் முதுகோடு சேர்ந்துகொண்டது.

"சரிங்க" என்றார் நாச்சிமுத்து, கிளியிடம். "சரிங்க, சரிங்க. நான் வர்லீங்க."

ஓரடி பின்னால் வந்து, கருணாம்பிகைக்குப் பக்கத்தில், அவளைப் போலவே மூச்சுச் சத்தம் கேட்காமல் நின்றுகொண்டார்.